தியானத்துக்கு ஒரு வழிகாட்டி எதற்கு?



தியானம் செய்யக் கற்றுத்தரும் நூல்களுக்கு இன்று பஞ்சமில்லை. எப்படி அமர்வது, எந்த விவிலியப் பகுதியை எடுத்துக்கொள்வது, எவ்வளவு நேரம் செபிப்பது என்பதையெல்லாம் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க, ஒரு வழிகாட்டியைத் தேடிப்போய், அவர்முன் அமர்ந்து தியானம் கற்றுக்கொள்வதால் என்ன நன்மை? இந்தக் கேள்விக்குப் புனித இஞ்ஞாசியாரின் வாழ்க்கை தெளிவான விடை தருகிறது.

போரில் காயம்பட்டு, மனம் மாறிய இஞ்ஞாசியார், 1522ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்பெயின் நாட்டின் மொன்செராட் திருத்தலத்துக்குச் சென்றார். தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதிவைத்து, மூன்று நாள்கள் பாவசங்கீர்த்தனம் செய்தார். தம் வாளை அன்னை மரியாவின் பீடத்தருகே விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த மன்ரேசா நகருக்குப் போனார். சில நாள்கள் தங்க நினைத்தவர் ஏறக்குறைய பதினொரு மாதங்கள் அங்கே தங்கிவிட்டார். தினமும் ஏழு மணி நேரம் முழந்தாளில் நின்று செபித்தார். ஆர்வத்துக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. ஆனாலும் அங்கேதான் அவர் பெரிய ஆபத்தில் சிக்கினார்.

பழைய பாவங்களைச் சரியாக அறிக்கையிடவில்லையோ என்ற ஐயம் அவரை அரிக்கத் தொடங்கியது. மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தார். மன அமைதி வரவில்லை. அவருடைய ஆன்ம குரு, மிகத் தெளிவாகத் தெரிகிற பாவமாக இருந்தாலன்றிப் பழையதைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றார். நல்ல அறிவுரைதான். ஆனால் இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது! 'பழையது எதையும் சொல்லவே கூடாது' என்று குருவானவர் கட்டளையிட்டால் விடுதலை கிடைக்கும் என்று அவர் உள்ளூர எண்ணினார். அதை வாய்திறந்து சொல்லத்தான் துணியவில்லை. வேதனை முற்றி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட அவரைத் தாக்கியது. இறுதியில், கடவுள் உதவும்வரை உண்பதில்லை என்று முடிவெடுத்து, ஒரு வாரம் முழுவதும் ஒன்றும் உண்ணாமலும் குடிக்காமலும் இருந்தார்.

அடுத்த ஞாயிறன்று, வழக்கம்போல் குருவிடம் சென்றபோது, இந்த நோன்பைப் பற்றியும் சொன்னார். உடனே உணவு உண்ணும்படி குரு கட்டளையிட்டார். தமக்கு இன்னும் வலிமை இருப்பதாக உணர்ந்தபோதிலும் இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார்.

நேயர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். அந்த நோன்பு இஞ்ஞாசியாருக்குப் பக்தியாகத்தான் தெரிந்தது. தம்மைத்தாமே எடைபோட்டுப் பார்க்க அவரால் இயலவில்லை. வெளியிலிருந்து கேட்ட ஒருவருக்கோ அதன் ஆபத்து ஒரே நொடியில் புரிந்தது. வழிகாட்டியால் வரும் முதல் நன்மை இதுதான்: நம் உள்ளத்தில் நடப்பதை நம்மோடு சேர்ந்து பார்க்க இன்னொரு கண் கிடைக்கிறது. நூலும் கைப்பேசியும் நம்மிடம் பேசும். நாம் சொல்வதைக் கேட்டு, நம் முகத்தைப் பார்த்து, 'போதும், சாப்பிடு' என்று சொல்ல அவற்றால் முடியாது.

இரண்டாவது நன்மை, மறைப்பதிலிருந்து விடுதலை. மனிதரைக் கெடுக்க நினைக்கும் தீய ஆவி, தன் சூழ்ச்சி இரகசியமாகவே இருக்க வேண்டும் என விரும்புகிறது. அனுபவமுள்ள ஒருவரிடம் அதைத் திறந்து சொன்னால் அதன் பிடி தளர்ந்துவிடும் என்று இஞ்ஞாசியார் பின்னாளில் எழுதினார். சொல்லத் துணியாமல் தவித்த ஒருவர் எழுதியது என்பதால் இதற்குத் தனி எடை உண்டு.

மூன்றாவது நன்மை, அளவு. இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலுக்கு 1548ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். அது தனியே வாசித்து முடிப்பதற்கான நூல் அல்ல. பெரும்பாலும் பயிற்சி தருபவருக்கான கையேடு. தியானிப்பவரின் வயது, கல்வி, உடல்நலம் ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சிகளை மாற்றித் தர வேண்டும் என்று அது சொல்கிறது. முப்பது நாள் ஒதுங்க முடியாதவர், தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டிலிருந்தே அவற்றைச் செய்யலாம். தியானம் வறண்டுபோய்ச் சோர்ந்திருப்பவரிடம் கடிந்து பேசாமல், கனிவோடு ஊக்கம் தர வேண்டும் என்றும் அது வழிகாட்டிக்கு நினைவூட்டுகிறது.

அப்படியானால் வழிகாட்டிதான் நமக்கு எல்லாமுமா? இல்லை. மன்ரேசாவில் நடந்த மீதியையும் கேளுங்கள். குருவுக்குக் கீழ்ப்படிந்தபின் இரண்டு நாள்தான் அமைதி. மூன்றாம் நாள் அதே வேதனை திரும்பியது. அதன் பிறகே, இந்த எண்ணங்கள் எங்கிருந்து வருகின்றன, தம்மை எங்கே கொண்டுபோகின்றன என்பதைத் தூக்கத்திலிருந்து விழித்தவர்போல் இஞ்ஞாசியார் உணர்ந்தார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தார், விடுதலை பெற்றார். இறைவனின் இரக்கமே தம்மை விடுவித்தது என்று நம்பினார். குருவானவர் அவரை அந்த நாள்வரை கைப்பிடித்து நிறுத்தினார், குணமாக்கியவர் கடவுள்.

எனவேதான், பயிற்சி தருபவர் எந்தப் பக்கமும் சாயாத தராசு முள்போல் நடுவே நிற்க வேண்டும், படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாக உறவாட வழிவிட வேண்டும் என்று அவர் கற்பித்தார். திருவிவிலியத்தில் சாமுவேலை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் அழைத்தபோது, ஏலிதான் அழைத்தார் என்று எண்ணிச் சிறுவன் மூன்று முறை அவரிடம் ஓடினான். பார்வை மங்கிய அந்த முதியவர்தான், அழைப்பது ஆண்டவர் என்று கண்டுகொண்டார். எப்படிப் பதில் சொல்வது என்று கற்பித்து, சிறுவனைத் திருப்பி அனுப்பினார். ஆண்டவர் அடுத்து அழைத்தபோது ஏலி இடையில் இல்லை. நல்ல வழிகாட்டிக்கு இதுவே அடையாளம். நம்மைத் தம்மோடு கட்டிப்போடுபவரிடம் எச்சரிக்கை தேவை. அரைகுறை அறிவுள்ள ஆன்ம குருக்களால் தமக்கு நேர்ந்த தீங்கைப் பற்றி அவிலா நகர்ப் புனித தெரேசாவும் எழுதியிருக்கிறார்.

சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கலாம்: 'என் பாவங்களையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டுமா?' வேண்டியதில்லை. அதற்கு ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது. தியானத்தில் எது ஆறுதல் தந்தது, எது கலக்கியது, எங்கே மனம் வறண்டது என்பதைச் சொன்னால் போதும். வழிகாட்டி குருவானவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பயிற்சி பெற்ற அருள்சகோதரியோ, செப வாழ்வில் முதிர்ந்த பொதுநிலையினரோ இந்தப் பணியைச் செய்யலாம். ஆனால் உறக்கமின்மை, உயிரை வெறுக்கும் எண்ணம் போன்றவை தொடர்ந்தால், வழிகாட்டியோடு மருத்துவரையும் நாட வேண்டும். அது விசுவாசக் குறைவு அல்ல.

இந்த வாரம் ஒன்று செய்வோம். தினமும் கால் மணி நேரம் ஒரு நற்செய்திப் பகுதியைத் தியானிப்போம். உள்ளத்தில் எழுந்ததை இரண்டு வரியில் குறித்து வைப்போம். வார இறுதியில், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைப் பகிர்ந்துகொள்வோம். குறிப்பாக, சொல்லத் தயங்கும் அந்த ஒன்றைச் சொல்வோம்.

எம்மாவு வழியில் சீடர்களின் மனக்குறையைக் கேட்டபடியே உடன் நடந்த ஆண்டவர், நமக்கும் நல்ல வழித்துணையைத் தந்து நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.