இரண்டு விடுதலைகளும் ஒரு ‘க’வும்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதன் வயிற்றுக்குள் நடப்பது எனக்குத் தெரியாதுதான். ஆனால் மென்பொருள் உரிமம் என்பது ஒரு பிரதி. பிரதியை வாசிக்கத் தெரியும் என்கிற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்றதுமே நம் தோழர்கள் பலர் அதைப் பொதுவுடைமையின் இன்னொரு வடிவமாக எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். சரி, அப்படியானால் இரண்டு கட்டற்ற மென்பொருள்களைச் சேர்த்து ஒன்றாகக் கொடுக்க முடியாமல் போவது எப்படி? அப்படிப் போனதற்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் ஒரு தரவுத்தளம். அதனோடு பேச, கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற ஒரு கருவி உண்டு. அக்கருவி வேறு இரண்டு நிரல்களை நம்பியிருந்தது. அடித்த வரியைத் திருத்தவும், முன்பு அடித்ததைத் திரும்ப வரவழைக்கவும் ரீட்லைன். வலைவழிப் பேச்சைப் பிறர் ஒட்டுக்கேட்காமல் மறைக்க ஓப்பன் எஸ்எஸ்எல். இரண்டுமே கட்டற்றவை. இருந்தும் 2010இன் கடைசியில், தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் டெபியன், ரீட்லைனை எடுத்துவிட்டு லிப்எடிட் என்ற வேறொன்றை வைத்தது. காரணம், இரண்டு உரிமங்களும் ஒத்துப்போகவில்லை.

என்ன சண்டை? ரீட்லைனின் உரிமம் ஜிபிஎல். ‘இதை யாருக்கும் கொடு, ஆனால் நான் வைத்த நிபந்தனைகளுக்கு மேல் நீ எதையும் சேர்க்காதே’ என்பது அதன் சாரம். பெற்ற விடுதலையைக் குறைக்காமல் அடுத்தவனுக்குக் கடத்து என்பதுதானே இது, நியாயம்தான். ஓப்பன் எஸ்எஸ்எல்லின் பழைய உரிமம் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. ‘இதன் பயன்பாட்டைச் சொல்லி விளம்பரம் செய்தால் எங்கள் பெயரைப் போடு.’ ஆனால் பெயர் போடு என்பதே மேற்கொண்டு ஒரு நிபந்தனை ஆகிவிடுகிறது. அங்கேதான் முட்டிக்கொண்டது.

ஆசிரியனின் மரணம் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தாயிற்று. இங்கே ஆசிரியன் சாகவில்லை, விளம்பரத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறான். அதுவும் ஒருவனில்லை. 1997ஆம் ஆண்டின் நெட்பிஎஸ்டி பதிப்பு ஒன்றில் இப்படி 75 பெயர் வாசகங்கள் இருப்பதாக ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிச் சொன்னார். இந்த வழக்கம் பரவக் காரணமான பெர்க்லி பல்கலைக்கழகம் 1999இல் தன் விளம்பர நிபந்தனையைக் கைவிட்டது. ஓப்பன் எஸ்எஸ்எல் கைவிடவில்லை.

சட்டமொழி திட்டவட்டமானது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயங்குதளத்தோடு வழக்கமாக வருகிற அடிப்படைப் பாகங்களுக்கு ஜிபிஎல் ஒரு விலக்குத் தருகிறது. ஓப்பன் எஸ்எஸ்எல் அப்படியொரு பாகம்தான் என்று ஃபெடோரா வாசித்தது. இரண்டையும் நாமே சேர்த்துக் கொடுக்கும்போது அந்த விலக்கு நமக்குச் செல்லாது என்று டெபியன் வாசித்தது. பிரதி ஒன்று, வாசிப்பு இரண்டு.

இழப்பு யாருக்கு என்பதுதான் என் கேள்வி. அன்றைய லிப்எடிட்டுக்குப் பல பைட்டு எழுத்துகளை வாங்கத் தெரியாது. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில ‘a’வுக்கு 1 பைட்டு போதும். நம்முடைய ‘க’வுக்கு 3, ‘கி’ என்று எழுதினால் 6. ஆக, ஆங்கிலத்தில் மட்டும் அடிப்பவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ரஷ்யனுக்கும், சீனனுக்கும், நமக்கும்தான் வாய் அடைபட்டது. இதில் சதி எதுவும் கிடையாதுங்க. உரிமம் எழுதிய இரு தரப்பும் நல்லெண்ணம் உள்ளவர்கள். சதியே இல்லாமல் விளிம்பில் இருப்பவன் தலையில் போய் விடிகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

2011இல் டெபியன் ஒரு குறுக்குவழி கண்டது. லிப்எடிட்டோடுதான் கருவியைக் கொடுப்பார்கள். ஆனால் உங்கள் கணிப்பொறியில் ரீட்லைன் ஏற்கனவே இருந்தால், கருவி கிளம்பும்போது அதுவே முந்திக்கொண்டு ஏறிவிடும். முன்பு கூடாதென்ற அதே சேர்க்கைதான்! ஆனால் ஜிபிஎல் கட்டுப்படுத்துவது விநியோகத்தை, பயன்பாட்டை அல்ல. சேர்ப்பது டெபியன் அல்ல, உங்கள் வீட்டில் நீங்கள். பிரதியை முடித்துவைப்பவன் வாசகன் என்று நாம் சொல்லிவந்தது இங்கே சட்டமாகவே செல்லுபடியாகிறது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2021இல் வந்த ஓப்பன் எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. அது ஜிபிஎல்லின் 3ஆம் பதிப்போடு ஒத்துப்போகும், ரீட்லைன் இருப்பதும் அந்தப் பதிப்பில்தான். 2ஆம் பதிப்பை மட்டும் ஏற்ற மென்பொருள்களோடு இன்னும் ஒத்துப்போகாது.

நாமும் அறிக்கை எழுதுகிறோம், கூட்டமைப்பு கட்டுகிறோம், ‘எங்கள் பெயரில்லாமல் வெளியிடக் கூடாது’ என்று வரி சேர்க்கிறோம். தவறென்று சொல்லவில்லை. அந்த வரி இன்னொரு நியாயமான வரியோடு மோதும் நாளில் யாருடைய ‘க’ விழாமல் போகும் என்று எழுதும்போதே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.