விற்கும் எழுத்தும் விளக்கும் எழுத்தும்



எழுத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் இன்று இரு பெயர்களைக் கேள்வியுறுகின்றனர். ஒன்று காப்பிரைட்டிங், மற்றொன்று கன்டென்ட் ரைட்டிங். முன்னதைப் பதிப்புரிமையோடு மயங்குவாரும் உளர். ஒலியொப்புமையன்றி அவ்விரண்டிற்கும் உறவில்லை. முன்னதை விளம்பர எழுத்து என்றும், பின்னதை விளக்க எழுத்து என்றும் நாம் வழங்கலாம். இரண்டும் ஒன்றென எண்ணி நுழைந்து, பின்னர் மனம் சலிப்போர் உண்டு. ஆதலின் வேற்றுமையை முதலில் அறிதல் நலம்.

விளம்பர எழுத்து ஒரு செயலை நாடுகிறது. படிப்பவர் பொருளை வாங்கவேண்டும். அல்லது விண்ணப்பம் அனுப்பவேண்டும். சொற்கள் சில, பயனோ உடனே எண்ணப்படும். அமெரிக்கரான கிளாட் ஹாப்கின்ஸ், 1923-இல் வெளிவந்த தம் நூலில் இக்கணக்கையே வற்புறுத்தினார். ஒரே பொருளுக்கு இரு விளம்பரங்கள். ஒவ்வொன்றிலும் வெட்டியனுப்ப ஒரு சீட்டு. எதன் சீட்டுகள் மிகுதியாகத் திரும்பி வருகின்றனவோ, அதுவே வென்ற விளம்பரம். 1948-இல் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் தொடங்கிய டேவிட் ஓகில்வி, அதற்கு முன்னர் ஸ்காட்லாந்தில் வீடு வீடாகச் சென்று அடுப்பு விற்றவர். கதவைத் திறப்பவரின் மனத்தை அறிதலே இத்தொழிலின் அரிச்சுவடி எனலாம்.

விளக்க எழுத்து அறிவை அளித்து, அதன் வழியே நம்பிக்கையை ஈட்டுகிறது. 1900-இல் பிரான்சு நாட்டு மிச்சலின் டயர் நிறுவனம், கார் ஓட்டுவோர்க்கு ஒரு வழிகாட்டி நூலை இலவசமாக வழங்கியது. டயர் மாற்றும் முறை, பழுது பார்ப்போர் இருக்குமிடம், தங்கும் விடுதிகள் ஆகியன அதில் இருந்தன. பயணம் பெருகினால் டயரும் தேயும் என்பது நிறுவனத்தார் கணக்கு. இதன் பயன் மெல்ல வரும். ஆனால் நெடுநாள் நிற்கும்.

இரண்டிற்கும் பொதுவான கடமை ஒன்றுண்டு. அதை நான் கற்ற விதத்தைக் கூறுகிறேன். தலைமையாசிரியனாய் இருந்தபோது, மாணவர் சேர்க்கைக்கான துண்டறிக்கை ஒன்றை எழுதினேன். ‘பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்பது அதன் தலைப்பு. அது பொய்யன்று. ஆயினும், பின்தங்கிய பிள்ளைகள் சிலரை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தியதால் வந்த நூறு அது. அவர்களுள் ஒருவனுடைய தாய் அத்துண்டறிக்கையுடன் வந்து, “ஐயா, இந்த நூற்றில் என் மகன் எங்கே?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. மறு ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் பயின்றவர் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் தேறியவர் எத்தனை பேர் என்னும் இரு எண்களையும் எழுதினேன். சேர்க்கை சற்றுக் குறைந்தது; ஆனால் அந்தத் தாயை நேரே நோக்க என்னால் இயன்றது.

இன்று இது மனச்சான்றின் செய்தி மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களைத் தவறான வழியில் செலுத்தும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. கணினியே வரைவு எழுதித் தரும் இக்காலத்தில், மெய்ம்மையைச் சரிபார்ப்பவனுக்கே மதிப்பு மிகும்.

உங்களுக்கு ஏற்றது எது? ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். பிரஷர் குக்கர் எவ்வாறு விரைவில் சமைக்கிறது என்பதைத் தம்பிக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதுங்கள். பின்னர், அண்டை வீட்டார் அதை வாங்க விரும்பும்படி பத்தே சொற்கள் எழுதுங்கள். அப்பத்துச் சொற்களை இருபது முறை மாற்றி எழுதியும் உங்களுக்குச் சலிப்புத் தோன்றவில்லையாயின், விளம்பரத் துறை உங்களுக்கு உரியது. ஒரு பக்கம் போதாமல் மேலும் நூல்களைத் தேடிச் சென்றீர்களாயின், விளக்க எழுத்தே உங்கள் வழி. எவ்வழிச் செல்லினும், எழுதியதை அந்தத் தாயின் கையில் கொடுக்கத் துணிவு உண்டா என்று ஒருமுறை எண்ணிய பின்னரே அச்சுக்கு அனுப்புங்கள்.