பள்ளியின் பெயரா? பாடத்தின் பெயரா?

(இரண்டாமாண்டு இளங்கலை வணிகவியல் மாணவி)

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும் நம் வீடுகளில் எழுகின்ற முதல் கேள்வி, "எந்தப் பள்ளியில் சேர்ப்பது?" என்பதுதான். "எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது?" என்று முதலில் கேட்பவர் மிகச் சிலரே. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் இவற்றில் எதை முதலில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் சேரும் கல்லூரிப் படிப்பே மாறிவிடுகிறது. இதை நான் அறிந்துகொண்டது நம் கல்லூரியின் சேர்க்கை உதவி மையத்தில், சற்றுக் காலங்கடந்த பின்னர். என் தம்பி இவ்வாண்டு பத்தாம் வகுப்பு படிக்கிறான். இதைப் படிக்கும் உங்களுக்கும் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். அவர்களுக்குப் பயன்படும் என்றெண்ணியே இதனை எழுதுகிறேன்.

அன்றும் இன்றும்

1978-ஆம் ஆண்டுக்கு முன்பு தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்போடு பள்ளிப்படிப்பு முடிந்தது. அதன்பின் கல்லூரியிலேயே ஓராண்டு புகுமுக வகுப்பு. 'பி.யூ.சி.' என்று நம் தாத்தாக்கள் சொல்வது அதைத்தான். கணிதமா, இயற்கை அறிவியலா, வரலாறா என்ற முடிவைக் கல்லூரிக்குள் வந்தபின் எடுத்தார்கள். வழிகாட்டப் பேராசிரியர்கள் இருந்தார்கள். ஆய்வுக்கூடங்களும் அங்கேயே இருந்தன.

1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. முதலாவது 'பிளஸ் டூ' பொதுத்தேர்வு 1980-இல் நடைபெற்றது. இந்த மாற்றத்தால் ஊர்ப்புற மாணவர்களுக்கு நன்மைகள் பல. வீட்டிலிருந்தே இரண்டாண்டுகள் படிக்கலாம்; விடுதிச் செலவு இல்லை. ஆயினும் ஒரு சங்கடமும் கூடவே வந்தது. கல்லூரிக்குள் எடுத்த முடிவைப் பதினைந்து வயதில், பள்ளி வாசலில் நின்று எடுக்க வேண்டியதாயிற்று. நாம் சேரும் பள்ளியில் எந்தப் பிரிவு உண்டோ, எதில் இடம் மிச்சமிருக்கிறதோ, அதுவே பலருக்கு வாழ்க்கைப் பாடமாகிவிடுகிறது.

என் கதை

நான் 2022-இல் பத்தாம் வகுப்புத் தேறினேன். கணிதத்தில் 96 மதிப்பெண். கணித ஆசிரியை ஆக வேண்டும் என்பது ஏழாம் வகுப்பிலிருந்தே என் ஆசை. எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் கொண்ட பிரிவு இருந்தது. நல்ல கணித ஆசிரியரும் இருந்தார்.

அந்தச் சமயத்தில் நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்தார்கள். மதிப்பெண்ணைப் பார்த்துப் பாதிக் கட்டணம் என்றார்கள். பேருந்து வாசலுக்கே வரும் என்றார்கள். அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் நம்மளத் தேடி வருதும்மா. இங்கேயே இருந்து என்ன ஆகப் போவுது?" என்றார்.

சேரப் போனபோது கணிதப் பிரிவு நிரம்பிவிட்டது என்றார்கள். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் கொண்ட பிரிவில்தான் இடம் இருந்தது. "எந்தப் பிரிவா இருந்தா என்ன, மார்க்குதானே முக்கியம்" என்று அலுவலக அறையில் ஒருவர் சொன்னார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் சீருடையையும் கட்டடத்தையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். ஆகவே பிழையில் எனக்கும் பங்குண்டு.

2024-இல் 600-க்கு 548 மதிப்பெண் பெற்று, இக்கல்லூரி உதவி மையத்தில் இணையவழி விண்ணப்பம் நிரப்ப வந்தேன். முதல் விருப்பம் இளமறிவியல் கணிதம் என்றேன். எதிரில் இருந்த பேராசிரியர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "பிளஸ் டூவில் கணிதம் இல்லையே அம்மா. இதற்கு விண்ணப்பிக்க முடியாதே" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தத்தை நான் இன்றும் மறக்கவில்லை. 548 மதிப்பெண்ணால் திறக்க முடியாத கதவு ஒன்று இருக்கிறதென்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

எந்தப் பாடம் எந்தக் கதவைத் திறக்கும்?

பொறியியல் சேர்க்கையைப் பாருங்கள். கணித மதிப்பெண் 100-க்கும், இயற்பியல் 50-க்கும், வேதியியல் 50-க்கும் கணக்கிடப்பட்டு, 200-க்குத் தரவரிசை போடுகிறார்கள். இதற்கென இருந்த நுழைவுத்தேர்வு 2007-இல் கைவிடப்பட்டது. மருத்துவத்துக்கு நீட் தேர்வு எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். செவிலியர் பட்டப்படிப்புக்கும் இம்மூன்றும் தேவை. இளமறிவியல் கணிதம், இயற்பியல், புள்ளியியல் ஆகியவற்றுக்குக் கணிதம் வேண்டும். வரலாறு, தமிழ், ஆங்கிலம், ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு போன்றவை எந்தப் பிரிவினருக்கும் திறந்தே இருக்கின்றன.

நம் போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் பெரும்பாலான பாடங்களுக்கு, மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை அமைகிறது. தமிழிலக்கியத்துக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண் பார்க்கிறார்கள். இந்தக் கணக்குகள் எதிலும் பள்ளியின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது என்பதை நோக்குக.

பள்ளி மாறுவதால் போவது என்ன?

பள்ளியின் வகைக்கு மட்டும் ஒரு கணக்கு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அவ்வாறே அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று.

பத்தாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி இரண்டாண்டில் மாறுவோர் இவ்வுரிமைகளை இழக்கின்றனர். ஊர்ப் பள்ளியிலேயே தொடர்ந்த என் தோழி, இன்று இதே கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். மாதந்தோறும் அவள் வங்கிக் கணக்கில் அந்த ஆயிரம் வருகிறது. பேருந்தில் அவளுடைய வகைநுண்கணிதப் புத்தகத்தை நான் வாங்கிப் புரட்டுவதுண்டு.

நான்கு கேள்விகள்

அப்படியானால் ஊர்ப் பள்ளியே எப்போதும் மேலா? அவ்வாறு சொல்வதும் பிழை. என் வகுப்புத் தோழர் ஒருவர் படித்த பள்ளியில் அறிவிப்புப் பலகையில் இயற்பியல் இருந்தது. ஆசிரியர் பணியிடமோ பல மாதம் காலியாக இருந்ததாம். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது இரு பக்கத்துக்கும் பொருந்தும். ஆகவே கீழ்க்கண்ட கேள்விகளை இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது: எனக்கு விருப்பமான பட்டப்படிப்புக்கு எந்தெந்தப் பாடங்கள் தேவை? அவை அடங்கிய பிரிவு இப்பள்ளியில் உண்டா?

இரண்டாவது: அப்பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கிறாரா? செய்முறை வகுப்பு உண்மையில் நடக்கிறதா? இதை அலுவலக அறையில் கேட்பதைவிட, அங்கே பிளஸ் டூ படிக்கும் மாணவரிடம் கேட்பது நலம்.

மூன்றாவது: பதினோராம் வகுப்பில் பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்துகிறார்களா? சில தனியார் பள்ளிகள் அதை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தியதால், 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அது விலக்கப்பட்டிருக்கிறது. நீட் போன்ற தேர்வுகளில் இரண்டாண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருவதால், இக்கேள்வி இனி இன்னும் முக்கியம்.

நான்காவது: கட்டணம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, எந்தச் சலுகை போகும்? பாதிக் கட்டணம் என்றால் மீதிப் பாதியும், பேருந்துக் கட்டணமும், புத்தகச் செலவும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியோர்.

பள்ளியின் பெயரும் கட்டடமும் இந்நான்கிற்கும் பிறகே வரட்டும்.

முடிவாக

வணிகவியலை நான் வெறுக்கவில்லை. வணிகப் புள்ளியியல் பாடவேளை வந்தால் எனக்கு இன்றும் உற்சாகம்தான். அதைக் கொண்டு ஒரு நல்ல வேலைக்குப் போவேன் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. எனினும் கரும்பலகைமுன் நின்று கணிதம் நடத்தும் ஆசை ஒன்று உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது.

சென்ற மாதம் அதே பள்ளியின் ஆட்கள் தம்பிக்காக மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். வண்ணத் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "உனக்கு எந்தப் பாடம்டா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். அவன் உயிரியல் என்றான்.

அடுத்த நாள் நானும் அவனும் ஊர்ப் பள்ளிக்குப் போய், பிளஸ் டூ படிக்கும் பையன்களிடம் இரண்டாவது கேள்வியிலிருந்து விசாரிக்கத் தொடங்கினோம்.

தோழர்களே, தோழியரே! இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் கல்லூரி வாசலை முதன்முதலாகப் பார்த்தவர்கள் நாம்தாம். நம் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளிடம் கோடை விடுமுறையில் ஒரு மாலை உட்கார்ந்து இதைச் சொன்னால், உதவி மையத்தில் இன்னொருவர் தலைகுனிந்து நிற்க நேராது.