உயர்தரப் பாடசாலைகளில் நிதியறிவு: அமெரிக்க நாட்டின் அனுபவம்

ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 2 வீதம் வட்டி தரும் வங்கியொன்றில் ஒருவர் 100 டொலரை இட்டு, ஐந்தாண்டுக்கு அதனைத் தொடாதிருப்பின், முடிவில் அவர் கணக்கில் 102 டொலருக்கு மேல் இருக்குமா, சரியாக 102 டொலர் இருக்குமா, அன்றிக் குறைந்திருக்குமா? கூட்டுவட்டி பயின்ற நம் மாணவன் 110 டொலர் 41 சதம் என்று கணித்தே கூறிவிடுவான். இவ்வினாவுக்கு அத்துணை நுட்பமும் வேண்டியதில்லை. அன்னமாரியா லுசார்டி, ஒலிவியா மிச்சல் என்னும் பொருளியலறிஞர் இருவர், அமெரிக்க ஐக்கிய நாட்டில் 50 வயதைக் கடந்தோரிடம் 2004ஆம் ஆண்டில் இவ்வினாவோடு விலையேற்றம் பற்றி ஒன்றும், பங்கு முதலீடு பற்றி ஒன்றுமாக மூன்று வினாக்களைக் கேட்பித்தனர். மூன்றுக்கும் சரியான விடை தந்தோர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே. வீடு வாங்குதல், முதுமைக்குப் பொருள் தேடுதல் முதலிய பெருந்தீர்மானங்களை அவர்களிற் பலர் அவ்வயதுக்குள் எடுத்து முடித்திருப்பர் என்பதை எண்ணும்போதே இதன் கனம் புலப்படும்.

பணத்தைப் பற்றிப் பாடசாலையிற் கற்பித்தல் அந்நாட்டுக்குப் புதிதன்று. பெல்சிய நாட்டிற் பிறந்த யோன் ஹென்றி தீரி என்பார் 1885ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சார்ந்த லோங் ஐலண்ட் நகரப் பாடசாலைகளிற் சேமிப்பு வங்கி முறையைத் தொடக்கினார். பிள்ளைகள் கொணரும் சில்லறையை ஆசிரியர் பெற்றுப் பதிந்து வங்கிக்கு அனுப்புவர். முதலாம் உலகப் போர்க்காலத்தில் 25 சத முத்திரைகளை மாணவர் வாங்கி அட்டையில் ஒட்டி, 16 சேர்ந்ததும் அவற்றைப் போர்ச் சேமிப்பு முத்திரைக்கு மாற்றிக்கொண்டனர். அக்காலக் கல்வி சிக்கனத்தை ஓர் ஒழுக்கமாகக் கருதிற்று. கடன் வாங்குதலைக் கற்பிக்கவேண்டும் என்ற எண்ணம் அன்று யார்க்கும் எழவில்லை.

இன்றோ கடனே மாணவனைத் தேடி வருகின்றது. பொதுவாக, 18 வயது நிரம்பாதார் செய்யும் ஒப்பந்தத்தை அவர் தாமே தள்ளிவிடலாம் என்பது அந்நாட்டுச் சட்டக் கொள்கை. மத்திய அரசின் கல்விக் கடனுக்கு மட்டும் இப்பாதுகாப்பு இல்லை. 17 வயதில் கையொப்பமிட்டவனும் அதற்குப் பொறுப்பாளியே. பிற கடன்களைப்போல முறிவு வழக்கினால் அதனை எளிதிற் களையவும் இயலாது. மது வாங்கவே 21 வயது கேட்கும் நாடு, பதினேழு வயதிற் பல்லாயிரம் டொலர்க் கடனுக்குக் கையொப்பம் பெறுகின்றது! ஆகவே, வட்டி எப்பொழுதிலிருந்து ஏறத் தொடங்கும், படிப்பை இடையில் விட்டால் யாது நேரும் என்பவற்றை அவன் பாடசாலையை நீங்குமுன் அறிந்திருத்தல் அவசியமாகின்றது.

கடனட்டையின் கதையும் இத்தகையதே. ஆண்டுக்கு 24 வீத வட்டியில் 1,000 டொலர்க் கடன் நிற்கின்றது என்று கொள்வோம். மாதமொன்றுக்கு வட்டி 20 டொலர். மாணவன் மாதந்தோறும் 25 டொலர் கட்டினால் முதல் மாதத்தில் முதலிற் குறைவது 5 டொலரே. இவ்வாறே கட்டிவரின் கடன் தீர ஏறத்தாழ ஆறு ஆண்டு பத்து மாதம் செல்லும். கட்டிய தொகை 2,000 டொலரைத் தாண்டிவிடும். அதனையே மாதம் 50 டொலராகக் கட்டினால் 26 மாதத்திற் கடன் முடியும். மொத்தம் 1,300 டொலரும் ஆகாது. தவணை இரட்டித்தது, காலமோ மூன்றிலொன்றாகச் சுருங்கிவிட்டது. சம்பள நாள்வரை தரப்படும் குறுங்கடன் இதனினும் கொடிது. 100 டொலருக்கு இரு வாரத்தில் 15 டொலர் என்பது கேட்பதற்குச் சிறிதாயினும், ஆண்டுக்கு 390 வீதம் என எழுதிக் காட்டியவுடன் வகுப்பு அதிர்ந்துபோகும். இத்தகைய கணக்குகளை எண்கணித வகுப்பிலேயே செய்விக்கலாம் அன்றோ என்று ஆசிரியர் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வி பொருளற்றதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

அமெரிக்காவிற் கல்வி மாநிலங்களின் பொறுப்பாதலின் சட்டங்களும் மாநிலந்தோறும் வேறுபடும். நிதியறிவைத் தனிப் பாடமாக, அரையாண்டு அளவில், முதன்முதல் யாவர்க்கும் கட்டாயமாக்கியது யூட்டா; 2008இல் வெளியேறிய மாணவர் முதலாக இவ்விதி நடைமுறைக்கு வந்தது. புளோரிடா 2022இற் சட்டமியற்றி, 2023-24இல் ஒன்பதாம் வகுப்பிற் சேர்ந்தோர் முதல் இதனை வேண்டுகின்றது. கலிபோர்ணியா 2024இல் இயற்றிய சட்டத்தின்படி, 2027-28ஆம் கல்வியாண்டுக்குள் பாடசாலைகள் இப்பாடத்தை வழங்கவேண்டும். 2030-31இல் வெளியேறுவோர்க்கு இது கட்டாயம்.

இக்கல்வியாற் பயன் விளைந்ததா? இவ்விடத்தில் அறிஞர் ஒருமித்திலர். 2014இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில் பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் ஆகிய மூவர், முன்னர் நிகழ்ந்த 201 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி, மக்களின் நிதி நடத்தையிற் காணும் வேறுபாட்டில் ஆயிரத்திலொரு பங்கையே இக்கல்வி விளக்குகின்றது என்றனர். கற்றது நாட்பட மங்கிவிடும் என்பதும் அவர்கள் கண்டதே. கோல், போல்சன், சாஸ்திரி ஆகியோர் 2016இல் முற்காலத்துச் சட்டங்களை ஆராய்ந்து, நிதிப் பாடத்தை விதித்த மாநிலங்களிற் குறிப்பிடத்தக்க பயன் காணவில்லை. ஆனால் கணிதப் பயிற்சியைக் கூட்டிய மாநிலங்களில் முதலீட்டு வருவாய் உயர்ந்ததையும், கடனைப் பேணும் திறன் சீர்ப்பட்டதையும் கண்டனர். மேற்கூறிய எண்கணித ஆசிரியர் இங்கே புன்னகை பூக்கலாம்.

எனினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. ஜோர்ஜியா, ஐடகோ, டெக்சாஸ் ஆகிய மூன்று மாநிலங்களிற் பிற்காலத்து விதிகளின்கீழ்ப் பயின்ற இளைஞரை அண்டை மாநிலத்தாரோடு ஒப்பிட்ட கார்லி அர்பனும் துணைவரும், பயின்றோரிடம் தவணை தவறுதல் குறைந்து கடன் நம்பகப் புள்ளி உயர்ந்ததை எடுத்துக்காட்டினர். நாம் கருதுமாறு, இவ்விரு முடிபுகளும் உண்மையில் முரணுவன அல்ல. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ப்பது வேறு. பாடத்திட்டம் வகுத்து, ஆசிரியரைப் பயிற்றி, தேர்வும் வைத்துக் கற்பிப்பது வேறு. முன்னதைக் கல்வி என்று எண்ணி அளந்தால் சுழியமே கிடைக்கும்.

லோரன் வில்லிஸ் என்னும் சட்டப் பேராசிரியை 2008இல் எழுப்பிய தடை இன்னும் ஆழமானது. நிதிச் சந்தையிற் புதிய பண்டங்கள் நாடோறும் தோன்ற, பாடநூல் பின்தங்கியே நிற்கும். அரைகுறை அறிவு வீண் துணிவைத் தரும். இழப்பு நேர்ந்தபோதோ, கற்றும் தவறினாய் என்று பழி கடனாளியின் தலையிற் சுமத்தப்படும் என்பது அவர் வாதம். இதனை நாம் முற்றாக ஏற்கவில்லை. பழி பற்றிய பகுதியை மறுத்தற்கும் இயலவில்லை. 2009ஆம் ஆண்டுக் கடனட்டைச் சட்டம், 21 வயதுக்குட்பட்டவர் தம் வருவாயையேனும் பிணையாளியையேனும் காட்டினாலன்றி அட்டை பெறமுடியாது என்று விதித்ததோடு, குறைந்த தவணை மட்டும் கட்டினாற் கடன் தீர எத்தனை ஆண்டாகும் என்பதை மாதாந்தக் கணக்கறிக்கையிலேயே அச்சிடவும் வைத்தது. எழுதாத பாடநூலொன்று இவ்வாறு ஒவ்வொரு வீட்டுக்கும் மாதந்தோறும் தபாலிற் செல்கின்றது. அதனைப் பிரித்து, அந்த எண்ணுக்குப் பொருள் காணும் பயிற்சியைத் தரவேண்டியவர் வகுப்பாசிரியரே.