அழித்து அறிதல்

அருங்காட்சியகம் என்றதும் நம் நினைவில் எழுவது கண்ணாடிப் பேழையும், ‘தொடாதீர்கள்’ என்ற அட்டையுமே. பொருள்களைக் கெடாமற் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே அதன் கடமை. அவ்வாறிருக்க, பாடம் செய்து வைத்த பறவையின் விரலடியிலிருந்து ஒரு துணுக்கை அக்காப்பாளரே அறுத்து ஆராய்ச்சியாளரிடம் கொடுக்கிறார் என்றால் வியப்பாக இராதா? அத்துணுக்கு திரும்பி வருவதில்லை. பொடியாகிக் கரைசலில் மறைந்துவிடும். நேயர்களே, இவ்வாறு அழித்து அறியும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் குவாகா என்றொரு விலங்கு வாழ்ந்தது. தலையிலும் கழுத்திலும் வரிகள். பின்னுடலோ குதிரையை ஒத்தது. அவ்வினத்தின் கடைசி உயிர் 1883ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் மடிந்தது. அது குதிரைக்கு நெருங்கிய உறவா, வரிக்குதிரைக்கா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு குவாகாத் தோலில், பாடம் செய்தவர் சுரண்டி நீக்காமல் விட்ட தசை சிறிது உலர்ந்து ஒட்டியிருந்தது. (வேலையைத் திருந்தச் செய் என்று மாணவரிடம் ஓயாது சொல்லி வந்த எனக்கு இச்செய்தி சற்றுச் சங்கடமானதுதான்!) கலிபோர்னியாவில் ஆலன் வில்சன் குழுவினர் அத்தசையிலிருந்து டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் பிரித்து, அதன் ஒரு சிறு பகுதியைப் படித்து, 1984இல் முடிவை வெளியிட்டனர். குவாகா வரிக்குதிரையின் உறவே. மறைந்துபோன இனமொன்றின் மரபுப் பொருள் படிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

பழங்கதையை அறிவதற்கு மட்டுமன்று, உயிரோடிருப்பவற்றைக் காக்கவும் இம்முறை உதவியதுண்டு. ஸ்வீடனில் விதை உண்ணும் பறவைகள் மடியலாயின. விதைகளுக்குப் பூசிய பாதரச மருந்தின்மீது ஐயம் எழுந்தது. நூறாண்டுக் காலத்துப் பறவைகளின் இறகுகளை அருங்காட்சியகத் தொகுப்புகளிலிருந்து எடுத்துச் சோதித்தபோது, 1940க்குப் பின்னரே பாதரசம் மிகுந்தது என்பது புலனாயிற்று. இச்சோதனை 1966இல் வெளியாயிற்று. அவ்வகை மருந்து அந்நாட்டில் தடை செய்யப்பட்டதும் அவ்வாண்டிலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பறவைகளைச் சேர்த்து வைத்தவர் இக்கேள்வியைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. நாளை பிறக்கும் கேள்வி எதுவென்று நமக்கும் தெரியாது. இன்றைய கேள்விக்காகத் துணுக்குத் துணுக்காக எடுத்துத் தீர்த்துவிட்டால், நாளை கேட்பவருக்கு எதைக் கொடுப்பது? மரபுப் பொருளின் நுண்ணிய அளவைக்கூடப் பன்மடங்கு பெருக்கும் முறை 1980களில் வந்தபின், முன்பு பெருந்துண்டு வேண்டிய சோதனைக்குச் சிறு துகளே போதுமானதாயிற்று. அவசரப்படாமல் காத்திருந்த காப்பாளர் அதனால் இழந்தது ஒன்றுமில்லை. எனினும் என்றென்றும் மறுத்துக்கொண்டே இருப்பதும் தகாது. பேழைக்குள் பூட்டிய மரபுப் பொருளும் ஆண்டுதோறும் சிதைந்துகொண்டேதான் வருகிறது. ஆதலின் பல அருங்காட்சியகங்கள் இன்று நிபந்தனை விதிக்கின்றன. கேள்வி இன்னதென்று எழுத்தில் தர வேண்டும்; எளிதிற் கிடைக்கும் இனத்தில் முதலில் கைத்திறனைக் காட்ட வேண்டும்; எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும். அறுத்த இடம் பதிவேட்டில் ஏறும். என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்றாக எஞ்சிய பொருளுக்கு இவையும் போதா.

அத்தகைய பொருள் ஒன்று ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. மோரிஷஸ் தீவில் வாழ்ந்து மறைந்த டோடோப் பறவையின் தலை அது. தோலோடு கூடிய டோடோ உறுப்பு உலகில் வேறெங்கும் இல்லை. 1847இல் அதன் ஒரு பக்கத் தோலை உரித்து, எலும்பை ஆராய்ந்தார்கள். டோடோ புறா இனத்தது என்பதை நிலைநாட்ட அது துணையாயிற்று. உரித்த தோலோ மீண்டும் பொருந்தவில்லை. பின்னர் எலும்புத் துணுக்கு ஒன்றை எடுத்து மரபுப் பொருளை ஆராய்ந்தோர், உயிரோடிருக்கும் பறவைகளுள் நம் நிக்கோபார்ப் புறாவே அதற்கு மிக நெருங்கிய உறவு என்று 2002இல் அறிவித்தனர். 2018இல் வார்விக் பல்கலைக்கழகத்தார் அத்தலையைக் கத்தி படாமல் எக்ஸ் கதிர்களால் ஊடுருவிப் பார்த்தனர். லண்டனில் காட்சிக்கு வைத்து வளர்க்கப்பட்ட பறவை அது என்றே பலரும் அதுவரை எண்ணியிருந்தனர். கதிர்ப்படத்தில் தலையின் பின்புறத்திலும் கழுத்திலும் சிறுசிறு ஈயக் குண்டுகள் தென்பட்டன. அப்பறவையைப் பின்னாலிருந்து யாரோ சுட்டிருந்தார்கள்.