பதினொன்றில் தடுமாறும் குழந்தை

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்குள் நுழைந்த சிபிஎஸ்இ பாடத்திட்டம், 2023-24 கல்வியாண்டில் உயர் வகுப்புகளுக்கும் விரிந்தது. அது முதல் இங்கு நடைபெறும் விவாதமெல்லாம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. முதல் வகுப்பில் குழந்தை இப்பருவத்தில் என்ன கற்கிறது என்று கேட்பார் அரிது. அடித்தளம் இடப்படுவதோ அங்கேதான்.

என்சிஇஆர்டி 2023-இல் வெளியிட்ட முதல் வகுப்புக் கணித நூலில் 13 பாடங்கள் உள்ளன. முதல் இரண்டில் எண்ணே முதன்மையில்லை. உள்ளே-வெளியே, மேலே-கீழே, நீளமானது எது, உருண்டையானது எது என்பவைதாம். மூன்றாம் பாடம் 1 முதல் 9 வரை. நான்காம் பாடம் 10 முதல் 20 வரை. 21 முதல் 99 வரையிலான எண்கள் எட்டாம் பாடத்தில்தான் வருகின்றன.

இருபது வரை எண்ணுவதற்குத் தனிப் பாடம் எதற்கு என்று பெற்றோர் வியக்கலாம். ஒன்பது வரை ஒரு குறிக்கு ஓர் அளவு, மனப்பாடமே போதும். பத்தைத் தாண்டியதும் விதி மாறிவிடுகிறது. 14 என்று எழுதும்போது இடப்பக்கத்து 1 என்பது ஒன்றன்று, பத்து. பத்துக் குச்சிகளை ஒரே கட்டாகக் காணும் இந்த மனத்தாவல், ஆறு வயதுக் குழந்தைக்குச் சிறிய செயலன்று. இடமதிப்பு என்று நாம் பின்னர் பெயரிடுவது இதைத்தான்.

இந்தத் தாவலில் மொழிக்கும் பங்குண்டு. பதினொன்று என்ற சொல்லில் பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. பன்னிரண்டில் பத்து சற்றே உருமாறினாலும், பதின்மூன்று, பதினான்கு என்று தெளிவு தொடர்கிறது. இருபத்தொன்று என்பது இரு பத்து, ஒன்று. எழுதும் வரிசையும் அதுவே. ஆங்கிலத்தின் ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்பவற்றில் பத்தின் ஒலியே இல்லை. ‘தர்ட்டீன்’ என்பதில் மூன்று முன்னே வருகிறது, பத்து பின்னே ஒளிந்திருக்கிறது. கேட்ட வரிசையில் எழுதும் குழந்தை 13-க்கு 31 என்று எழுதினால் அது மந்தபுத்தியன்று. காதுக்கு அது காட்டும் விசுவாசம். ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ குழப்பம் வேறு.

தமிழும் குறையற்றதன்று. தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் ஒலிக்கின்றன. இரண்டுமே பொய்ச் சாட்சிகள். ஒன்பதும் பத்தும் கூடித் தொண்ணூறாகும் விதத்துக்குத் தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது என்றால், சிக்கல் எவ்வளவு பழையது! இவ்வூரில் பிரெஞ்சு வழி படித்த பெரியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். அம்மொழியில் எழுபது என்பது அறுபதும் பத்தும். தொண்ணூறு என்பது நான்கு இருபதுகளும் பத்தும். அந்தச் சிக்கல்கள் எல்லாம் எழுபதுக்குப் பின்னர் வருபவை. ஆங்கிலத்தின் சிக்கல் பத்தை அடுத்த அடியிலேயே காத்திருக்கிறது.

சீன மொழியிலும் 11 என்பது ‘பத்து-ஒன்று’ என்றே சொல்லப்படுகிறது. கீழை ஆசியக் குழந்தைகள் இடமதிப்பை விரைவில் கைக்கொள்வதற்கு இதையும் ஒரு காரணமாக ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டி வருகின்றனர். ஒரே காரணம் என்று நான் வாதிட மாட்டேன். வீட்டுச் சூழலும் ஆசிரியரின் திறமும் இதைவிடப் பெரியவையாக இருக்கலாம்.

மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ இலக்குகளின்படி முதல் வகுப்பு முடிவில் 99 வரை, இரண்டாம் வகுப்பில் 999 வரை, மூன்றாம் வகுப்பில் 9,999 வரை குழந்தை எண்களை அறிந்திருக்க வேண்டும். முதற்படி ஆட்டம் கண்டால் மற்றவை நிற்கா. 2024-ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வு, கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 33.7 விழுக்காட்டினரே கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைச் செய்ய முடிந்தது என்கிறது. கடன் வாங்குவது என்றால் என்ன? ஒரு பத்தின் கட்டை அவிழ்ப்பது. கட்டையே காணாத குழந்தை எதை அவிழ்க்கும்? சடங்காகச் செய்யும், விடை தவறும்.

அடித்தள நிலைக்கான 2022-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, கணிதத்தை முதலில் பொருள்களோடு பழகுதல், பிறகு பேச்சு, பிறகு படம், இறுதியில் குறியீடு என்ற வரிசையில் கற்பிக்கச் சொல்கிறது. இரண்டாம் படியான பேச்சு, குழந்தை அறிந்த மொழியில் நிகழ்ந்தாலன்றி அந்த வரிசைக்குப் பொருளில்லை. பெரிய மார்க்கெட்டில் அம்மா பூவும் மீனும் வாங்கும்போது குழந்தை கேட்பது தமிழ் எண்களை. வகுப்பறையில் எதிர்கொள்வது ஆங்கில எண்களை.

ஆங்கில வழியை நாடும் பெற்றோரை நான் குறை கூறவில்லை. வேலைச் சந்தை ஆங்கிலத்துக்குத் தரும் விலையைப் பொருளியல் படித்தவன் மறுக்க இயலாது. நான் கேட்பது பயிற்று மொழி மாற்றத்தையன்று. இந்த நான்காம் பாடத்துக்கு முன் சில வாரங்கள், குச்சிக் கட்டுகளை வைத்துக்கொண்டு தமிழில் வாய்மொழியாக எண்ணும் பயிற்சியை. அதன் பிறகு ஆங்கிலப் பெயர்கள் வரட்டும். பயிற்று மொழியாகவே இந்திய மொழிகளைப் பயன்படுத்தலாம் என்று சிபிஎஸ்இ 2023 ஜூலையில் தன் பள்ளிகளுக்கு அறிவித்துவிட்டபின், சில வாரப் பேச்சுக்கு விதி குறுக்கே நிற்காது. பெருஞ்செலவும் இல்லை.

பெற்றோர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நூறு வரை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். பதினான்கு புளியங்கொட்டைகளைக் கொடுத்து எண்ணி, 14 என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்த 1-ஐச் சுட்டி, “இது எத்தனை கொட்டை?” என்று கேளுங்கள். குழந்தை பத்துக் கொட்டைகளை ஒதுக்கினால் பாடம் புரிந்திருக்கிறது. ஒன்றே ஒன்றை எடுத்து வைத்தால், அடுத்த பாடத்துக்குப் போகும் முன் ஆசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள்.