கொழுகொம்பு தேடும் நரம்பு

பிரிக்ஃபீல்ட்ஸ் வீதிகளில் நடந்து பழகியவர்கள், நடைபாதையின் நடுவே மேடும் வரியுமாகப் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளைக் கண்டிருப்பார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் நெடுங்காலமாக அவ்வட்டாரத்தில் இருந்துவருவதால், அதை நாடி வருகிறவர்கள் கைக்கோலாலும் பாதத்தின் ஸ்பரிசத்தாலும் வழியறிந்து செல்லும்பொருட்டு அமைந்த பாதை அது. நடக்க வேண்டியவர் தாமேதான் நடக்கிறார். ஆயினும் நடுவில் நாலு ஓடுகள் பெயர்ந்துவிட்டால், கால்களில் வலுவிருந்தும் அவர் திகைத்து நின்றுவிடுகிறார். அறுந்த நரம்பின் அவஸ்தையும் ஏறத்தாழ இத்தகையதே.

கையில் வெட்டுப்பட்டு நரம்பு அறுந்தால், அறுவை மருத்துவர் அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட, மேல்முனையிலிருந்து நரம்பிழைகள் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல வளர்ந்து, பழைய தசையையும் தோலையும் பலருக்கு ஓரளவேனும் எட்டிவிடுகின்றன. மூளையிலிருந்து இறங்கி முதுகெலும்புக் கால்வாய்க்குள் சுண்டுவிரல் பருமனில் சுமார் 45 சென்டிமீட்டர் ஓடும் தண்டுவடத்துக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. அங்கே காயம்பட்ட இடத்தில் குழி விழுகிறது. அதைச் சுற்றித் தழும்பு இறுகுகிறது. போதாக்குறைக்கு, நரம்பிழைகளின் உறையில் உள்ள சில புரதங்களே புதிய வளர்ச்சியைத் தடுத்துவிடுகின்றன.

தண்டுவட நரம்புக்கு வளரும் சக்தியே கிடையாது என்றுதான் அறிஞர் பலரும் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1981-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ என்னும் இருவர், எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்துப் பார்த்தபோது, வளரமாட்டா என்று கைவிடப்பட்ட அதே இழைகள் அப்பாலத்தின் வழியே சுமார் 3 சென்டிமீட்டர் தூரம் வளர்ந்து சென்றன. பாலம் முடிந்து மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் வெகுதூரம் செல்லாமல் நின்றுவிட்டன என்பது உண்மையே. எனினும், கொடியில் உயிர் இருக்கிறது, இல்லாதது கொழுகொம்புதான் என்பதை அந்தச் சோதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிட்டது.

அந்தக் கொழுகொம்பைச் செயற்கையாகச் செய்து தரும் முயற்சியே இன்றைய ஆராய்ச்சி. கட்டடம் எழும்வரை கொத்தனார் கட்டும் சாரத்தைப் போல, நரம்பு வளரும்வரை தாங்கி நின்று, பின்னர் உடலிலேயே கரைந்துபோகும் மெல்லிய சாரம் ஒன்றைக் கொலாஜன் புரதத்தாலோ, காயத்தில் தானே கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பொருளாலோ செய்கிறார்கள்.

இந்த வேலை நம் கோலாலம்பூரிலும் நடந்திருக்கிறது என்பதைத் தமிழர் பலர் அறியார். செராஸில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த திசுப் பொறியியல் ஆய்வாளர்களும் எலும்பு மருத்துவர்களும் மறுவாழ்வு மருத்துவர்களும், கைகால் நரம்பில் விழும் நீண்ட இடைவெளியை எதனால் நிரப்புவது என்று ஆராய்ந்தார்கள். வழக்கமாக நோயாளியின் கெண்டைக்காலிலிருந்தே ஒரு நரம்பை எடுத்து ஒட்டுவார்கள். அதனால் பாதத்தின் ஓரம் மரத்துப்போகும். இவர்களோ இரத்தநாளம் ஒன்றைக் குழாயாகக் கொண்டு, அது உள்ளொடுங்கிவிடாதிருக்கவும் இழைகளுக்குத் திசை காட்டவும் அதனுள் தசையை அடைத்து, எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து நரம்பணுவின் இயல்பை நோக்கிப் பழக்கிய குருத்தணுக்களை அதில் விதைத்து, அவை உயிர்தரித்து நிற்பதைக் கண்டு 2012-இல் வெளியிட்டார்கள். அக்குழுவில் பேராசிரியர் ருஸ்ஸிமா இட்ருஸோடு, மறுவாழ்வு மருத்துவரான அமரமலர் செல்வி நாயக்கரின் பெயரும் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. சாரத்தைச் செய்கிறவரோடு, ஊனமுற்றவரின் அன்றாடத்தை அறிந்தவரும் ஒரே மேஜையில் அமர்ந்த அந்த ஏற்பாட்டையே நான் மிகவும் மதிக்கிறேன்.

இது பரிசோதனைக்கூடத்தில், கைகால் நரம்பைக் கருதிச் செய்த பணி. தண்டுவடத்துக்குரிய பாதை இன்னும் கடினமானது. 2021-இல் சிகாகோவில் சாமுவேல் ஸ்டப் குழுவினர், ஊசிவழி செலுத்தியதும் நார்வலையாக உறையும் ஒரு திரவத்தால், முடங்கிய சுண்டெலிகளை நான்கே வாரங்களில் நடக்கச் செய்தது பெரும் நம்பிக்கை அளித்தது. ஆனால் அமெரிக்காவில் 2014-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய வேறொரு சாரம், பின்னர் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் எதிர்பார்த்த பலனை நிரூபிக்கத் தவறியது. ஆகையால், குருத்தணு ஊசி ஒன்றே போதும், எழுந்து நடப்பீர்கள் என்று பெருந்தொகை கேட்பவரிடம் எந்தக் குடும்பமும் நகையை விற்றுப் பணம் கட்ட வேண்டாம்; அப்பணமும் காலமும் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை போன்ற இடங்களில் பெறும் பயிற்சிக்கும், வீட்டுவாசலில் சக்கர நாற்காலி ஏறும் சரிவுக்கும் உதவட்டும்.

சிகிச்சையைத் தேடும் முன்னரே, அறாத இழைகளைக் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் நோக்கிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் செல்கையில், விழுந்து கிடக்கும் மோட்டார் சைக்கிளோட்டியைப் பார்த்ததும் பதறி, இருவராகச் சேர்ந்து தோளையும் காலையும் பிடித்து மடக்கித் தூக்கிக் காரில் கிடத்துவது நம்மவர் வழக்கம். இரக்கத்தால் செய்யும் அக்காரியமே, அவரது தண்டுவடத்தில் அறுபடாமல் எஞ்சியிருந்த இழைகளையும் அறுத்துவிடக்கூடும். தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தாலன்றி அவரை அசைக்காதீர்கள். தலையும் கழுத்தும் திரும்பாதபடி இரு கைகளாலும் மெல்லத் தாங்கிக்கொண்டு, அருகிருப்பவரை 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.